எல்லாரும் ஜோன்ஸ்: ஒரு கடலோர ஊரின் குரூப் போட்டோக்கள்

இந்த எபிசோடை நான் செஞ்ச ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் முதுகலைப் படிப்புக்காக வேல்ஸில் ஒரு வருஷம் இருந்தேன். ஊர் பேர் அபெரிஸ்ட்வித். வேல்ஸின் மேற்குக் கரையில், கார்டிகன் விரிகுடாவைப் பார்த்தபடி இருக்கும் சின்ன ஊர். பிறை மாதிரி வளைந்த கடற்கரை, அதை ஒட்டி வரிசையாக மாடி வீடுகள், ஒரு பக்கம் குன்று, இன்னொரு பக்கம் இடிந்த கோட்டை. குளிர்காலத்துல காத்து அடிச்சா உங்க குடை அன்னைக்கோட காலி.

அங்கே ஒரு சமூகக் கூடத்தில் சின்னதா ஒரு கண்காட்சி வைக்கப் போறதா சொன்னாங்க. ஊரில் இருக்கிற குழுக்களையும் கடைகளையும் போட்டோ எடுத்துத் தர முடியுமான்னு கேட்டாங்க. காசு கிடையாது, டீயும் கேக்கும் உண்டு. என்கிட்ட ஒரு கேமரா இருந்தது, சனிக்கிழமைகளும் இருந்தன. சரின்னுட்டேன்.

பின்னல் வேலை செய்யும் குழு, படகு ஓட்டும் கிளப், ஒரு கறிக்கடை, ஒரு மீன் வறுவல் கடை, ஒரு ஹார்டுவேர் கடை, கடைசியாக ஒரு பெண்கள் பாட்டுக் குழு. பாட்டுக் குழுவில் இருபத்தெட்டு பேர். மூணு வரிசையா நிற்க வெச்சு எடுத்தேன். படம் நல்லா வந்திருந்தது, எனக்கே கொஞ்சம் பெருமை.

கண்காட்சி முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு ஒரு மின்னஞ்சல். அந்தப் பாட்டுக் குழுவில் இருந்த ஒரு அம்மா இறந்துட்டாங்க. அவங்க மகள் எழுதியிருந்தாங்க: அம்மாவோட கடைசி நல்ல படம் நீங்க எடுத்ததுதான்னு குழுவில் சொன்னாங்க, அவங்க முகம் மட்டும் பெரிசா எடுத்து அனுப்ப முடியுமா?

பேரை எழுதியிருந்தாங்க. ஆனா அந்தப் பேருக்குரிய முகம் எதுன்னு எனக்குத் தெரியலை. இருபத்தெட்டு பேரில் ஒருத்தர் பேரைக்கூட நான் எழுதி வைக்கலை. என்கிட்ட இருந்ததெல்லாம் கேமரா தானாகப் போட்ட எண்கள்தான்.

அந்த வெட்கத்தில்தான் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். இந்த மாதிரி ஊர்களில் குரூப் போட்டோ எப்படி வந்தது? யார் எடுத்தாங்க? யாருக்காக எடுத்தாங்க?

கதை ரயிலில் ஆரம்பிக்கிறது. 1864-ல் அபெரிஸ்ட்வித்துக்கு ரயில் வந்தது. அதுவரை மலைகளைத் தாண்டி, குதிரை வண்டியில் ஆடி ஆடி வர வேண்டிய ஊர் அது. ரயில் வந்ததும் இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் இருந்து விடுமுறைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷமே, 1865-ல், கடலுக்குள் நீளும் உல்லாசப் பாலம் ஒன்று திறக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் யூஜீனியஸ் பர்ச். பிரிட்டனின் பல கடற்கரைகளில் இந்த மாதிரிப் பாலங்களைக் கட்டியவர். திறந்த சில மாசத்திலேயே, 1866 ஜனவரியில், ஒரு புயல் அதில் ஒரு பகுதியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

அதே வேகத்தில் தாமஸ் சாவின் என்ற ரயில் ஒப்பந்தக்காரர் கடலோரத்தில் கோட்டை மாதிரி ஒரு ஓட்டல் கட்டத் தொடங்கி, கடனில் மூழ்கினார். பாதியில் நின்ற அந்தக் கட்டடத்தை வாங்கித்தான் 1872-ல் வேல்ஸின் முதல் பல்கலைக்கழகக் கல்லூரியை ஆரம்பித்தார்கள். முதல் வருஷம் 26 மாணவர்கள்.

விடுமுறைக்கு ஆட்கள் வரும் ஊருக்குப் போட்டோகிராபர்களும் வருவார்கள். வந்தவர்கள் வாங்கியது கடல், பாலம், கோட்டை. ஆனா கோடை ரெண்டு மூணு மாசம்தான். மிச்ச மாசங்களுக்குச் சோறு போடுவது உள்ளூர்க்காரர்கள். இங்கதான் குரூப் போட்டோவின் கணக்கு வருது. ஒருத்தரைத் தனியா எடுத்தா அவர் வாங்குவார், அவ்வளவுதான். தேவாலயத்தின் ஞாயிறு பள்ளியை எடுத்தா முப்பது நாற்பது வீடு வாங்கும். ஒரு கடையை எடுத்தா முதலாளி வாங்குவார், கூட நிற்கிற பையனின் அம்மாவும் வாங்குவாங்க. கண்ணாடித் தகடு ஒண்ணுதான், விற்கிற பிரதிகள் நிறைய.

அன்றைக்குப் படம் எடுப்பது சாதாரண வேலை இல்லை. 1851-ல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத் தகடு முறைதான் அப்போது புழக்கத்தில் இருந்தது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசை போன்ற திரவத்தை ஊற்றிப் பரப்ப வேண்டும். அதை வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். அந்த ஈரம் காயும் முன் கேமராவில் வைத்துப் படம் எடுத்து, உடனே கழுவ வேண்டும். எல்லாம் சில நிமிஷத்துக்குள். வெளியூருக்குப் போனால் ஒரு இருட்டுக் கூடாரத்தையும் ரசாயனப் புட்டிகளையும் கண்ணாடியையும் சுமந்துகொண்டு போக வேண்டும்.

கடைக்காரர்கள் ஏன் எப்பவும் கடைக்கு வெளியே நிற்கிறாங்கன்னு யோசிச்சிருக்கீங்களா? கடைக்குள் போதுமான வெளிச்சம் கிடையாது. அந்தத் தகடுகளுக்கு நல்ல பகல் வெளிச்சம் வேணும், அதிலேயும் சில விநாடிகள் எல்லாரும் அசையாம நிற்கணும். அதனால் கடையே வெளியே வந்தது. கறிக்கடைக்காரர் ஆட்டையும் மாட்டையும் முகப்பில் தொங்கவிட்டார். செருப்புத் தைப்பவர் பாதி தைத்த செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யாராவது ஒரு குழந்தையோ நாயோ அசைந்து, படத்தில் புகை மாதிரி ஆகிவிடும். 1870-களின் கடைசியில் தொழிற்சாலையில் செய்த உலர் தகடுகள் விற்பனைக்கு வந்த பிறகுதான் கூடாரத்தைச் சுமக்கிற கஷ்டம் போனது.

இப்போ ஒரு ஆளை அறிமுகப்படுத்துறேன். பேர் ஜான் தாமஸ். 1838-ல் இதே கார்டிகன்ஷயரில், கெல்லான் என்ற கிராமத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் லிவர்பூலுக்குப் போய் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பத்து வருஷம் கடைக்குள்ளேயே அடைந்து கிடந்ததில் உடம்பு கெட்டுப் போச்சு. வெளியே அலைகிற வேலை வேணும்னு, எழுதுபொருட்களும் பிரபலங்களின் போட்டோக்களும் விற்கிற ஒரு நிறுவனத்தில் விற்பனையாளராகச் சேர்ந்தார்.

அது பிரபலங்களின் படங்களை உள்ளங்கை அளவு அட்டையில் ஒட்டி விற்ற காலம். அரசியல்வாதிகள், நடிகைகள், ராஜ குடும்பம் என்று எல்லாம் விற்றது. மக்கள் அதை வாங்கி ஆல்பத்தில் சேர்த்தார்கள். ஜான் தாமஸ் தன் பெட்டியைத் திறந்து பார்த்தார். வேல்ஸ்காரர்களின் முகங்கள் அதில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அது அவரை உறுத்தியது. 1863-ல் போட்டோ எடுக்கக் கற்றுக்கொண்டு, வேல்ஸில் புகழ்பெற்றிருந்த மதபோதகர்களைப் படம் எடுத்தார். நல்லா விற்றது. 1867-ல் லிவர்பூலில் ‘கேம்ப்ரியன் கேலரி’ என்று சொந்த ஸ்டூடியோ. அதற்குப் பிறகு சுமார் நாற்பது வருஷம் வேல்ஸ் முழுக்கச் சுற்றினார்.

சுற்றும்போது போதகர்களோடு நிறுத்தவில்லை. கொல்லர்கள், தையற்காரர்கள், தபால்காரர்கள், கடை வாசலில் நிற்கும் குடும்பங்கள், முதியவர்கள் என்று எல்லாரையும் எடுத்தார். வயதான பிறகு மூவாயிரத்துக்கு மேற்பட்ட தகடுகளைத் தேர்ந்தெடுத்து, ஓ. எம். எட்வர்ட்ஸ் என்ற பதிப்பாசிரியருக்குச் சொற்ப விலைக்குக் கொடுத்தார். எட்வர்ட்ஸ் 1891-ல் தொடங்கிய ‘கம்ரி’ என்ற பத்திரிகையில் அந்தப் படங்கள் வந்தன. கம்ரி என்றால் வெல்ஷ் மொழியில் வேல்ஸ். ஜான் தாமஸ் 1905-ல் இறந்தார்.

அந்தத் தகடுகள் இன்று இருப்பது அபெரிஸ்ட்வித்தில். ஊருக்கு மேலே குன்றில் வேல்ஸின் தேசிய நூலகம் இருக்கிறது. நான் படித்த இடத்திலிருந்து நடக்கிற தூரம். படங்களை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். நான் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து பார்த்தேன். அப்போ ஒண்ணு கண்ணில் பட்டது. போதகர்களின் படங்களில் பேர் இருக்கு. கடை வாசல் படங்கள் பலவற்றில் ஊர் பேர் மட்டும்தான்.

இதுக்கு ஒரு காரணம் வேல்ஸின் பெயர்களிலேயே இருக்கு. பழைய வேல்ஸில் குடும்பப் பெயர் கிடையாது. நம்ம இனிஷியல் மாதிரி, அப்பா பேர்தான். ‘இன்னாரின் மகன் இன்னார்’. பின்னால் ஆங்கில ஆட்சிமுறைக்காக நிலையான குடும்பப் பெயர் வேண்டியபோது, அப்பாவின் பேரே அப்படியே ஒட்டிக்கொண்டது. அப்போது புழக்கத்தில் இருந்த ஆண் பெயர்கள் கொஞ்சம்தான். அதனால் ஊர் முழுக்க ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ், வில்லியம்ஸ், தாமஸ். நம்ம ஆளும் ஜான் தாமஸ்தானே!

ஒரே தெருவில் ஆறு ஜோன்ஸ் இருந்தா என்ன பண்ணுவீங்க? அவங்க தொழிலைச் சேர்த்துக்கிட்டாங்க. பால் ஜோன்ஸ், ரொட்டி ஜோன்ஸ், தபால் ஜோன்ஸ். அப்போ கடை என்பது வெறும் வியாபாரம் இல்லை. அந்த ஆளின் பேரில் பாதி அது. கடை வாசலில் நின்று எடுத்த படம் அவர்களுக்கு அடையாள அட்டை மாதிரி. படத்துக்குப் பின்னால் பேர் எழுத வேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை. பார்க்கிற எல்லாருக்கும் அந்த முகம் தெரியும், அந்தக் கடை தெரியும்.

இன்னொரு விஷயம். 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் வேல்ஸில் முதன்முறையாக என்ன மொழி பேசுறீங்கன்னு கேட்டாங்க. கார்டிகன்ஷயரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெல்ஷ் பேசினார்கள். ஆனா பல கடைகளின் போர்டு ஆங்கிலத்தில் இருந்தது. உள்ளே பேசின மொழி, அழைத்த பட்டப்பேர், எதுவும் போர்டில் ஏறவில்லை. படத்தில் பதிவானது போர்டு மட்டும்.

பிறகு கடைகள் கைமாறின, பார்த்தவுடன் அடையாளம் சொல்லக்கூடியவர்களும் போய்விட்டார்கள். பேர் எழுதாமல் விட்டது யாருடைய அலட்சியமும் இல்லை. எல்லாருக்கும் தெரிஞ்சதை யாரும் எழுத மாட்டாங்க, அதனாலதான் அது முதல்ல தொலையுது.

2014 ஜனவரியில் பெரிய புயல் அந்தக் கடற்கரைச் சாலையைப் புரட்டிப் போட்டது. அங்கிருந்த பழைய நிழற்குடைக் கட்டடத்தின் அடியிலிருந்த தரை கடலோடு போனது. பிறகு அதைப் பழைய மாதிரியே சீரமைத்துவிட்டார்கள். கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம். பழைய படத்தில் இருக்கிற ஒரு முகத்துக்குப் பேரைத் திரும்பக் கொண்டுவர, அவரைத் தெரிந்த ஒரு ஆள் உயிரோட இருக்கணும்.

என் கதைக்கு வரேன். அந்த மகளுக்கு உண்மையைச் சொல்லி எழுதினேன். எனக்கு முகம் தெரியலை, மன்னிச்சிடுங்கன்னு சொல்லி மூணு படத்தையும் முழு அளவில் அனுப்பினேன். அவங்க கோபப்படலை. அம்மாவை அவங்களே கண்டுபிடிச்சுக்கிட்டாங்க: ரெண்டாவது வரிசை, இடப்பக்கம் இருந்து நாலாவது. எல்லாரும் கேமராவைப் பார்க்கும்போது பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டிருந்தவங்க. அந்த முகத்தை மட்டும் பெரிசாக்கி அனுப்பினேன்.

அதோட முடியலை. அவங்க ஒரு படத்தைப் பிரிண்ட் போட்டு, பாட்டுக் குழு ஒத்திகைக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க. டீ குடிக்கும்போது எல்லாரும் சேர்ந்து பின்பக்கத்தில் பென்சிலால் பேர் எழுதி, அதை ஸ்கேன் பண்ணி எனக்கு அனுப்பினாங்க. மூணு வரிசை, இருபத்தெட்டு பேர். அதில் ஐந்து ஜோன்ஸ். ஒவ்வொரு ஜோன்ஸுக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு: மருந்துக்கடை, பள்ளிக்கூடம், கறிக்கடை, நூலகம். கடைசி ஜோன்ஸுக்குப் பக்கத்தில் ‘சத்தமா பாடுறவர்’னு இருந்தது.

இப்போ அந்த ஃபைலோட பேர் வெறும் எண் இல்லை. மத்த கடைகளுக்கும் குழுக்களுக்கும் திரும்ப எழுதி, முடிஞ்சவரை பேர் வாங்கினேன். எல்லாம் கிடைக்கலை. ஹார்டுவேர் கடைப் படத்தில் ஓரமா நிற்கிற பையன் யாருன்னு இன்னும் தெரியாது. அன்னைக்கு அவன்கிட்டயே கேட்டிருக்கலாம்.

உங்க வீட்டிலும் ஒரு குரூப் போட்டோ இருக்கும். அதில் இருக்கிற எல்லாரையும் அடையாளம் சொல்லக்கூடிய ஒருத்தர் இன்னும் வீட்டில் இருந்தா, இந்த வாரம் அவங்க பக்கத்துல உட்காருங்க. இடமிருந்து வலமா கேட்டு எழுதுங்க. பேர் மட்டும் போதாது, எந்தக் கடை, எந்தத் தெரு, யாரோட அக்கான்னு அதையும் சேர்த்து எழுதுங்க.