அக்குஸ்டிக் கிட்டார்: பராமரிப்பும் கம்பித் தேர்வும்

அக்குஸ்டிக் கிட்டார், மின்சாரத்தின் துணையின்றி மரப்பெட்டியின் அதிர்வாலேயே ஒலியைப் பெருக்கும் ஆறு கம்பி இசைக்கருவி. எஃகுக் கம்பி பூட்டிய கிட்டாரை வழக்கமான சுருதிக்கு ஏற்றினால், ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமான விசையில் அதன் கழுத்தையும் மேல்பலகையையும் இழுக்கின்றன. அந்த மேல்பலகையின் தடிமன் பெரும்பாலும் 3 மில்லிமீட்டர்தான். வாசிக்காமல் சுவரில் மாட்டி வைத்திருக்கும்போதும் இந்த இழுப்பு ஓய்வதில்லை. இதனுடன், காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி உப்புவதும் விட்டுச் சுருங்குவதும் மரத்தின் இயல்பு. கிட்டாருக்கு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்தே தொடங்குகின்றன. புதிதாகக் கற்பவர் எந்தக் கம்பியை வாங்குவது, கருவியை எங்கே வைப்பது என்ற கேள்விகளுக்கான விடையும் இவற்றுக்குள்ளேயே இருக்கிறது.

நைலானும் எஃகும்

கம்பி வாங்குவதற்கு முன், கையிலிருப்பது எந்த வகைக் கிட்டார் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் அளவையும் உள் அமைப்பையும் வகுத்தவர் ஸ்பெயினின் அல்மெரியாவைச் சேர்ந்த அன்டோனியோ டி டோரஸ் (1817–1892). கழுத்தின் தலைமுனையில் கம்பிகள் படியும் நட்டிலிருந்து, மேல்பலகையில் அவை பூட்டப்படும் பிரிட்ஜ் வரை 650 மில்லிமீட்டர், மேல்பலகைக்கு அடியில் விசிறி போல விரியும் மரச்சட்டங்கள் என்று அவர் நிலைநிறுத்திய வடிவமே இன்றும் நடைமுறையில் உள்ளது. அந்நாளில் விலங்குக் குடலிலிருந்து திரித்த நரம்புகளைப் பூட்டினார்கள். இரண்டாம் உலகப்போரின்போது அறுவைச் சிகிச்சைத் தையலுக்கு அந்த நரம்பு தேவைப்பட்டதால் இசைக்கலைஞர்களுக்குக் கிடைப்பது அரிதானது. நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலான் இழையைக் கொண்டு கம்பி செய்து பார்த்தார். கிட்டார் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா அதை ஏற்று வாசித்தார். அதன்பின் நைலானே நிலைத்தது.

எஃகுக் கம்பிக் கிட்டாரின் கதை வேறு. ஜெர்மனியின் மார்க்நியூகிர்ஷனிலிருந்து குடிபெயர்ந்த சி. எஃப். மார்ட்டின் 1833இல் நியூயார்க்கில் தொழில் தொடங்கி, பிறகு பென்சில்வேனியாவின் நாசரேத்துக்கு மாறினார். மேல்பலகைக்கு அடியில் இரண்டு சட்டங்கள் குறுக்காக வெட்டிச்செல்லும் எக்ஸ் அமைப்பு அவரது பட்டறையில் 1840களிலேயே வந்துவிட்டது. 1920களில் எஃகுக் கம்பி பரவலானபோது, அதன் கடும் இழுப்பைத் தாங்கும் அமைப்பு அதுவே என்று தெரிந்தது. அகன்ற இடுப்பும் பெருத்த உடலும் கொண்ட ட்ரெட்நாட் வடிவத்தை மார்ட்டின் நிறுவனம் 1916இல் வேறொரு கடையின் பெயரில் செய்து கொடுத்தது. 1931 முதல் தன் பெயரிலேயே விற்றது. இன்று நம் கடைகளில் தொங்கும் கிட்டார்களில் பெரும்பகுதி அந்த வடிவத்தின் வழிவந்தவை.

பார்த்தவுடன் இரண்டையும் பிரித்தறியலாம். கிளாசிக்கல் கிட்டாரின் தலைப்பகுதியில் நீளமான இரண்டு துளைகள் இருக்கும். கம்பியைப் பிரிட்ஜில் முடிச்சிட்டுக் கட்டியிருப்பார்கள். நட்டின் அகலம் சுமார் 52 மில்லிமீட்டர். எஃகுக் கம்பிக் கிட்டாரில் தலை பெரும்பாலும் கெட்டிப் பலகையாக இருக்கும், பிரிட்ஜில் ஆறு பின்கள் செருகியிருக்கும், நட்டு சுமார் 43 மில்லிமீட்டர். நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து இழுப்பது எஃகின் பாதியைவிடச் சற்றே அதிகம். அந்த அளவுக்கென்று கட்டிய கருவியில் எஃகுக் கம்பியைப் பூட்டினால் மேல்பலகை உப்பும், கழுத்து வளையும், கடைசியில் பிரிட்ஜ் பெயர்ந்து வரும். தொடக்கநிலையில் நிகழும் தவறுகளில் திருத்தச் செலவு மிகுந்தது இதுதான். இரண்டும் ஒரே சுருதிக்கு ஏறுவதால், பூட்டும்போது தவறு எதுவும் நடப்பதாகவே தோன்றாது. ஆகவே கடையில் முதலில் சொல்ல வேண்டிய சொல் ‘நைலான்’ அல்லது ‘எஃகு’.

கம்பியின் கனம்

எஃகுக் கம்பிகள் செட்டாக விற்கப்படுகின்றன. மெல்லிய முதல் கம்பியின் விட்டத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கணக்கிட்டு அந்த எண்ணாலேயே செட்டை அழைப்பது வழக்கம். ‘பத்து செட்’ என்றால் முதல் கம்பி 0.010 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டர். ஆறாவது கம்பி 0.047. ‘பதினொன்று’ என்பது 11–52. ‘பன்னிரண்டு’ 12–53 அல்லது 12–54. ‘பதின்மூன்று’ 13–56. அட்டையில் இவை முறையே எக்ஸ்ட்ரா லைட், கஸ்டம் லைட், லைட், மீடியம் என்று குறிக்கப்பட்டிருக்கும். லைட் என்ற பெயரைப் பார்த்துப் புதியவர்கள் 12 செட்டை எடுத்துவிடுகிறார்கள். விரல் தோல் காய்க்காதவருக்கு அது லேசான செட் அல்ல.

காரணம் இயற்பியலில் இருக்கிறது. கம்பியின் நீளமும் சுருதியும் மாறாதபோது, தேவைப்படும் இழுவிசை விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 0.010 கம்பியை முதல் கம்பியின் சுருதியான 329.6 ஹெர்ட்ஸுக்கு ஏற்ற ஏறக்குறைய 7.3 கிலோ இழுப்பு போதும். 0.012 கம்பிக்கு 10.6 கிலோ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத, அரைக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த வேறுபாடு விரல்நுனியில் 44 சதவீதக் கூடுதல் பாரமாக இறங்குகிறது. எஃப் கார்டில் ஒரே விரல் ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டும். அங்கே சலித்துக் கிட்டாரைக் கீழே வைத்தவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்குத் தடையாக இருந்தது கம்பிதான், திறமைக் குறைவு அல்ல.

மெல்லிய கம்பிக்கும் விலை உண்டு. ஒலி சற்று ஒல்லியாகும். ஓங்கி அடித்தால் விரற்பலகையின் உலோகக் குறுக்குக்கட்டையான ஃப்ரெட்டில் பட்டு ‘ஜிர்’ரென்று இரையும். இருந்தாலும் முதல் ஆறு மாதத்துக்கு 10 அல்லது 11 செட்டே சரி. விரல் பழகியபின் 12க்குப் போகலாம். ட்ரெட்நாட் போன்ற பெரிய உடல்களைப் பெரும்பாலான நிறுவனங்கள் 12 செட்டை மனத்தில் கொண்டே வடிவமைக்கின்றன. அப்போதுதான் அந்தக் கருவியின் முழுக் குரல் வெளிவரும். 13ஐக் கற்பவர் தொட வேண்டியதில்லை.

கம்பியை மாற்றாமலே பாரத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஆறு கம்பிகளையும் அரைச் சுரம் இறக்கிச் சுருதி சேர்த்து, முதல் ஃப்ரெட்டில் கேப்போ என்ற கவ்வியைப் போட்டுக்கொண்டால் பாட்டின் சுருதி மாறாது; இழுப்பு சுமார் 11 சதவீதம் குறையும்; நட்டருகே கம்பி உயரமும் தாழும். குழந்தைகளுக்குச் சொல்லித்தரும்போது இது மிகவும் உதவும்.

உலோகமும் பூச்சும்

செட்டில் முதல் இரண்டு கம்பிகள் வெறும் எஃகு. மற்ற நான்கும் எஃகு நடுக்கம்பியைச் சுற்றி வேறொரு உலோகக் கம்பியை நெருக்கிச் சுற்றியவை. அந்தச் சுற்று உலோகமே ஒலியின் நிறத்தைத் தீர்மானிக்கிறது. 80/20 என்று அட்டையில் இருந்தால் 80 பங்கு செம்பும் 20 பங்கு துத்தநாகமும் கலந்தது. புதிதில் கணீரென்று இருக்கும், வியர்வை பட்டால் சீக்கிரம் மங்கும். பாஸ்பர் பிரான்ஸ் என்பது செம்புடன் வெள்ளீயமும் மிகச் சிறிதளவு பாஸ்பரமும் சேர்ந்தது. அமெரிக்காவின் டடாரியோ நிறுவனம் 1974இல் அறிமுகப்படுத்திய இவ்வகையில் ஒலி சற்று இதமாகவும் நீடித்தும் நிற்கும். ஒன்றைத்தான் பரிந்துரைக்க வேண்டும் என்றால் பாஸ்பர் பிரான்ஸையே சொல்ல வேண்டும்.

1997இல் எலிக்சர் என்ற பெயரில் பூச்சுக் கம்பிகள் வந்தன. சுற்றின் மேல் மிக மெல்லிய பாலிமர் உறை இருப்பதால் அழுக்கு இடுக்குகளில் இறங்குவதில்லை. விலை இரண்டு மூன்று மடங்கு. ஆயுளும் ஏறத்தாழ அப்படியே. கை அதிகம் வியர்ப்பவருக்கும் கடலோர ஊர்களில் இருப்பவருக்கும் அந்தச் செலவு வீணாகாது.

கம்பி எப்போது செத்துப்போகிறது

வியர்வை, எண்ணெய்ப் பசை, உதிர்ந்த தோல் ஆகியவை சுற்றின் இடுக்குகளில் சேரச் சேர, முதலில் உயர்ந்த மேற்சுரங்கள் அடங்குகின்றன. ஒலி மந்தமாகிறது. கம்பியின் எடை இடத்துக்கு இடம் மாறிவிடுவதால், திறந்த கம்பி சுருதியில் நிற்கும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் விலகும். கம்பிக்கு அடியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள்: ஃப்ரெட்டின் மேல் படும் இடங்களில் பள்ளம் தட்டுப்படும். கறுத்துப்போனாலும் துரு தட்டினாலும் மாற்ற வேண்டியதுதான். நாள்தோறும் அரைமணி நேரம் வாசிப்பவருக்கு இரண்டு மூன்று மாதம் ஒரு செட் வரும்.

மாற்றும்போது ஒன்றைக் கழற்றி ஒன்றைப் பூட்டுவது தொடக்கத்தில் வசதி. முதலில் கம்பியைத் தளர்த்திவிட்டுத்தான் வெட்ட வேண்டும். இறுக்கமாக இருக்கும்போது வெட்டினால் முகத்தில் தெறிக்கும். பிரிட்ஜ் பின்னைக் குறடால் பிடித்து இழுக்கக் கூடாது. ஒலித்துளைக்குள் கைவிட்டு உள்ளிருந்து மேலே தள்ளினால் எளிதாக வரும். புதுக் கம்பியின் முனையிலுள்ள குண்டைத் துளைக்குள் இறக்கி, பின்னைச் செருகி, பின்னை விரலால் அழுத்தியபடி கம்பியை மேலே சுண்டி இழுக்க வேண்டும். குண்டு, பின்னின் நுனியில் நிற்காமல், பிரிட்ஜுக்கு அடியிலுள்ள பலகையில் போய் மாட்டினால்தான் பிடிப்பு. சுருதி ஏற்றும்போது பின் எகிறி வந்தால் இந்த ஒன்றைத்தான் சரிபார்க்க வேண்டும். மேலே ட்யூனிங் கீயில் இரண்டு மூன்று சுற்று, ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்க வேண்டும். எல்லாம் பூட்டியபின் ஒவ்வொரு கம்பியையும் நடுவில் பிடித்து மெல்ல இழுத்துவிட்டு, திரும்பச் சுருதி சேர்க்கவும். மூன்று நான்கு முறை செய்தால் புதுக் கம்பி இறங்கிக்கொண்டே போகும் தொல்லை தீரும்.

ஈரமும் வெயிலும்

கிட்டார் தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பரிந்துரைக்கும் காற்றீரம் 45 முதல் 55 சதவீதம். குளிர்நாடுகளில் பெரும் பகை வறட்சி. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது காற்று வறண்டு மேல்பலகை வெடிக்கும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் நிலைமை நேர்மாறு. அங்கே ஆண்டின் பெரும்பகுதி ஈரம் 70 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது. மரம் ஈரத்தை வாங்கி உப்பும்போது மேல்பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் மேடாகிறது; அதனுடன் கம்பியின் உயரமும் ஏறுகிறது. கோடையில் சுகமாக வாசித்த கிட்டார் ஐப்பசி மழையில் கடினமாகிவிட்டது என்று சொல்பவர்கள் கற்பனை செய்து சொல்லவில்லை.

மழைக்காலத்தில் உறைக்குள் சிலிக்கா ஜெல் பைகள் சிலவற்றைப் போட்டு ஜிப்பை மூடி வைக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய ஈரமானி ஒன்றை உள்ளே வைத்தால் ஊகிக்க வேண்டிய அவசியமில்லை. இரவெல்லாம் ஏ.சி. ஓடும் அறையில் கருவியைத் திறந்து வைப்பதும் நல்லதல்ல: இரவில் வறட்சி, பகலில் ஈரம் என்று மரம் மாறி மாறி அசைகிறது. ஃப்ரெட்டின் ஓரங்கள் கையில் உரசத் தொடங்கினால் கழுத்து மரம் சுருங்கியிருக்கிறது என்று அறியலாம். ஒட்டுப்பலகையில் செய்த விலைகுறைந்த கிட்டார்கள் இந்த மாற்றங்களை ஓரளவு தாங்கும். ஒரே பலகையில் செய்தவை ஒலியில் உயர்ந்தவை, அதனால் கவனமும் கூடுதலாகக் கேட்பவை.

வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் கிட்டாரை ஒருபோதும் விடக் கூடாது. பசை இளகும் அளவுக்கு உள்ளே சூடேறும். கம்பிகளின் இழுப்பில் பிரிட்ஜ் நகர்ந்துவிடும்.

உயரமும் செட்டப்பும்

பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கும் கம்பியின் அடிப்பாகத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை ஆக்‌ஷன் என்பார்கள். எஃகுக் கம்பிக் கிட்டாரில் ஆறாவது கம்பிக்குச் சுமார் 2.5 மில்லிமீட்டரும் முதல் கம்பிக்கு 2 மில்லிமீட்டரும் வசதியான அளவு. மலிவான புதுக் கிட்டார்கள் பல 4 மில்லிமீட்டரோடு கடைக்கு வருகின்றன. பிரிட்ஜின் மேல் கம்பிகள் படியும் சேடிலின் அடியைத் தேய்த்துத் தாழ்த்துவதும், நட்டின் பள்ளங்களைச் சரிசெய்வதும், கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற எஃகுத் தண்டைத் திருகிக் கழுத்தின் வளைவைத் திருத்துவதும் சேர்ந்ததே செட்டப். ட்ரஸ் ராடை அறியாமல் திருகினால் மரை போய்விடும். தெரிந்தவர்களே ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்ப மாட்டார்கள். கம்பியின் கனத்தை 12லிருந்து 10க்கு மாற்றினாலும் இழுப்பு குறைவதால் கழுத்து பின்னோக்கிச் சாயலாம். அப்போதும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

துடைப்பது

வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் பிடித்துத் துடைத்தால் கம்பியின் ஆயுள் நன்றாகவே நீளும். விரற்பலகை ஈட்டி போன்ற பூச்சில்லா மரமாக இருந்தால், ஆண்டுக்கு இரண்டு முறை அதற்கென விற்கும் எண்ணெயில் சில துளிகள் தேய்த்து உடனே துடைத்துவிடலாம். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். மேலே தங்கிப் பிசுபிசுக்கும். கண்ணாடி துடைக்கும் திரவமும் சிலிக்கோன் கலந்த பாலிஷும் வார்னிஷைக் கெடுக்கும்.

ஈட்டி மரத்தைப் பற்றி ஒரு செய்தி நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும். பிரேசில் தன் ரோஸ்வுட் மரத்தடிகளின் ஏற்றுமதியைத் தடுத்தபின், 1969 முதல் மார்ட்டின் நிறுவனம் தன் கிட்டார்களின் பக்கங்களுக்கும் பின்பலகைக்கும் இந்திய ஈட்டியையே பெருமளவில் பயன்படுத்தத் தொடங்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம் அது.

புதுக் கிட்டாருக்குப் பணம் ஒதுக்குபவர்கள் அதில் ஒரு பங்கைச் செட்டப்புக்கும் ஒரு நல்ல 11 செட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஐயாயிரம் ரூபாய்க் கிட்டார் முறையாகச் செட்டப் செய்யப்பட்டிருந்தால், கடையிலிருந்து அப்படியே வந்த பத்தாயிரம் ரூபாய்க் கிட்டாரைவிடக் கற்பவருக்கு உகந்தது.