கொல்லர்கள் அஞ்சிய அந்தச் சத்தம்

பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் தோய்த்தால் 'சுர்ர்ர்' என்று சத்தம் வரும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஜப்பானில் வாள் செய்த கொல்லர்கள் பயந்தது வேறொரு சத்தத்துக்கு. தண்ணீர் கொதித்து அடங்கும் வேளையில் உள்ளிருந்து 'டிங்' என்று ஒரு மெல்லிய ஒலி வந்தால் அவ்வளவுதான், கதை முடிந்தது! வாளின் வாயில் குறுக்காக ஒரு விரிசல் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த விரிசலுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஹகிரே'. தலைமுடி அளவுதான் இருக்கும். ஆனால் அடுத்த அடியில் வாள் அந்த இடத்திலேயே ஒடியும். அதுவரை எஃகை மடித்து மடித்து அடித்த உழைப்பெல்லாம் வீண்.

ஏன் வெடிக்கிறது? கேட்டவுடன் தோன்றும் பதில், "சூடான பொருள் திடீரென்று குளிர்ந்து சுருங்குகிறது, அதனால் வெடிக்கிறது" என்பதுதான். சூடான கண்ணாடித் தம்ளரில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உடைவது போல. ஆனால் இது பாதி உண்மைதான். கார்பன் கிட்டத்தட்ட இல்லாத மெல்லிரும்பை அதே அளவு காய்ச்சி அதே தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அதுவும் சுருங்கத்தான் செய்கிறது, ஆனால் வெடிப்பதில்லை! கார்பன் உள்ள எஃகு மட்டும் ஏன் வெடிக்க வேண்டும்?

உண்மையான காரணம் சுருக்கம் அல்ல, வீக்கம்.

சுமார் 730 டிகிரி செல்சியஸுக்கு மேல் எஃகில் உள்ள இரும்பு அணுக்கள் வேறொரு ஒழுங்குக்கு மாறுகின்றன. அந்த ஒழுங்கில் கார்பன் அணுக்கள் உள்ளே உட்கார இடம் இருக்கிறது. மெதுவாகக் குளிர்ந்தால் அணுக்கள் பழைய ஒழுங்குக்குத் திரும்பும்போது கார்பன் சாவகாசமாக வெளியேறிவிடும். தண்ணீரில் தோய்த்தால் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. கார்பன் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. இடம் போதாமல் அந்த ஒழுங்கே இழுபட்டு நீள்கிறது. அதனால்தான் எஃகுக்கு அத்தனை கடினம். அதனால்தான் அது ஏறத்தாழ 4 சதவீதம் பருக்கவும் செய்கிறது.

வாளின் வாய்ப்பகுதியில் இருப்பது போன்ற, 0.7 சதவீதம் கார்பன் உள்ள எஃகில் இந்த மாற்றம் 250 டிகிரி அளவுக்கு இறங்கிய பிறகுதான் தொடங்கும். அதாவது செந்நிறம் மறைந்த பிறகு, கொல்லர் மூச்சு விடத் தொடங்கும் நேரத்தில்! ஒரு தடித்த துண்டில் முதலில் மேல்தோல் மாறிக் கண்ணாடி போல் கெட்டியாகிவிடும். பிறகு உள்பகுதி மாறிப் பருக்கும்போது அந்தக் கெட்டித்தோல் கொடுக்க மறுக்கிறது. விளைவு, விரிசல். எஃகை அதிகமாகக் காய்ச்சிவிட்டால் அதன் மணிகள் பெரிதாகி இன்னும் எளிதில் விரியும். கூர்மையான மூலையோ சிறு வெட்டோ இருந்தால் விரிசல் அங்கிருந்தே கிளம்பும்.

இதில் வியப்பு என்னவென்றால், இந்தக் காரணம் எதுவும் தெரியாமலேயே ஜப்பானியக் கொல்லர்கள் இதற்குத் தீர்வு கண்டிருந்தார்கள். களிமண், கரித்தூள், சாணைக்கல் பொடி மூன்றையும் குழைத்து வாளின் மேல் பூசினார்கள். முதுகுப்பக்கம் தடிப்பாக, வாய்ப்பக்கம் மிக மெல்லியதாக. தண்ணீரில் இறக்கியதும் வாய் சட்டென்று குளிர்ந்து கெட்டியாகும். மண்ணுக்குள் இருக்கும் முதுகு மெதுவாகக் குளிர்ந்து மென்மையாகவே நிற்கும். வாய்ப்பக்கத்து மெல்லிய பூச்சுக்கும் ஒரு வேலை உண்டு. வெறும் இரும்பைச் சுற்றி நீராவி ஒரு போர்வை போலச் சூழ்ந்து, குளிர்வதை இடத்துக்கு இடம் மாற்றிவிடும். மெல்லிய மண் அந்தப் போர்வையைச் சீக்கிரம் கலைத்துவிடுகிறது.

தண்ணீருக்குள் நடக்கும் கூத்தைப் பார்க்க வேண்டும்! வாய் முதலில் சுருங்குவதால் வாளின் நுனி கீழ்நோக்கி வளைகிறது. அடுத்த சில நொடிகளில் வாய் பருக்கத் தொடங்கியதும் நுனி எதிர்ப்பக்கம் மேல்நோக்கி எழுகிறது. ஜப்பானிய வாளின் புகழ்பெற்ற வளைவில் பெரும்பங்கு இப்படித் தண்ணீருக்குள் பிறந்ததுதான். மென்மையான முதுகு வளைந்து கொடுத்ததால்தான் வாய் தப்பியது. கொடுக்காத இடத்தில் 'டிங்'.

இந்த வேலையை இருட்டில்தான் செய்வார்கள். சூட்டை அளக்கக் கண் தவிர வேறு கருவி இல்லாத காலம் அது. இரும்பின் நிறம் இருட்டில்தான் சரியாகத் தெரியும். தண்ணீரின் சூடு இன்னொரு ரகசியம். குருவின் தொட்டியில் கைவிட்டுப் பார்த்த சீடனின் கையை குரு அங்கேயே வெட்டிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, அந்தச் சூட்டுக்கு என்ன மதிப்பு இருந்தது என்பது புரிகிறது.

காரணம் தெரிய வெகு காலம் ஆயிற்று. 1860களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹென்றி சோர்பி எஃகை மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். 1895இல் பிரான்சின் ஃப்ளோரிஸ் ஓஸ்மோன், தோய்த்த எஃகில் ஊசி ஊசியாகத் தெரிந்த அமைப்புக்கு ஜெர்மானியர் அடால்ஃப் மார்ட்டென்ஸ் நினைவாக 'மார்ட்டென்சைட்' என்று பெயரிட்டார். கார்பன் சிக்கி அந்த ஒழுங்கு நீண்டிருக்கிறது என்பது 1926இல் எக்ஸ்ரே மூலம் தெரிந்தது. எந்தச் சூட்டில் எவ்வளவு நேரத்தில் எஃகு எதுவாக மாறும் என்ற வரைபடத்தை அமெரிக்காவில் டேவன்போர்ட், பெயின் இருவரும் 1930இல் வெளியிட்டார்கள். கமகுரா காலத்தின் பெரும் கொல்லர் மசமுனே வாழ்ந்ததோ 1300ஆம் ஆண்டை ஒட்டி. இடையில் அறுநூறு ஆண்டுகள்!

இன்று எண்ணெயில் மெதுவாகக் குளிர்ந்தாலே கெட்டியாகும் எஃகு வகைகள் உண்டு. சில வகைகளுக்குக் காற்றே போதும். விரிசல் பயமும் அந்த அளவுக்குக் குறைவு. ஆனால் வாளுக்கான பழைய எஃகு இரும்பு மணலையும் மரக்கரியையும் கொண்டே செய்யப்படுவது. ஷிமானே மாநிலத்தில் அதற்கான மண் உலையை 1977இல் மறுபடி மூட்டினார்கள். அந்த எஃகுக்கு எண்ணெய் வேகம் போதாது, தண்ணீர்தான் வேண்டும். அதனால் ஜப்பானியக் கொல்லர்கள் இப்போதும் விளக்கை அணைத்துவிட்டுத்தான் வாளைத் தொட்டியில் இறக்குகிறார்கள். இறக்கியபின் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள்.