விலை பேசி மீட்ட உலகம்: சில்வர் சர்ஃபரின் தோற்றக் கதை – ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

சாகச நாயகர்களின் தோற்றக் கதைகளில் பெரும்பாலானவை ஒரே கேள்விக்கு விடை சொல்லி நின்றுவிடுகின்றன: இந்த ஆற்றல் இவனுக்கு எங்கிருந்து வந்தது? 1938 ஜூன் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ், சூப்பர்மேன் பிறந்த கோள் அழிந்ததையும் குழந்தை பூமிக்கு வந்து சேர்ந்ததையும் ஒரே பக்கத்தில் சொல்லி முடித்துவிட்டது. 1959இல் ஷோகேஸ் 22ஆம் இதழில் ஜான் புரூமும் கில் கேனும் புதுப்பித்துத் தந்த கிரீன் லான்டர்ன் கதையில், சாகக் கிடக்கும் வேற்றுக்கோள் வீரன் ஒருவன் தன் மோதிரத்தை விமானி ஹால் ஜோர்டனிடம் ஒப்படைக்கிறான். முன்னது மீட்பு, பின்னது கொடை. இரண்டிலும் நாயகன் பெறுகிறான். பெற்றதற்காக எவருக்கும் கடன்படுவதில்லை.

1968 ஆகஸ்ட் தேதியிட்ட ‘சில்வர் சர்ஃபர்’ முதல் இதழ் இந்த வரிசையில் சேராது. அதில் நாயகனின் ஆற்றல் ஒரு பேரத்தின் விளைவு. தன் கோளைக் காப்பதற்காக, கோள்களை விழுங்கி வாழும் கலாக்டஸுக்கு இரை தேடித் தரும் தூதனாக அவன் ஒப்புக்கொடுத்துக்கொள்கிறான். விண்வெளி நாயகர்களின் தோற்றக் கதைகளில் உள்ளடக்கத்தால் மிகக் கனமானது இதுவே. ஆனால் தான் முன்வைத்த பேரத்தின் முழுக் கணக்கையும் பார்க்க இக்கதை மறுத்துவிடுகிறது. அதன் வெற்றி, தோல்வி இரண்டும் இந்த ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. முன்கதை இல்லாத பாத்திரம்

சர்ஃபர் முதலில் தோன்றியது 1966 மார்ச் மாத ஃபென்டாஸ்டிக் ஃபோர் 48ஆம் இதழில். அக்கால மார்வெல் வழக்கப்படி ஸ்டான் லீயும் ஓவியர் ஜாக் கிர்பியும் கதைக்கருவைப் பேசி முடிப்பார்கள். கிர்பி பக்கங்களை வரைந்து தருவார்; லீ உரையாடலை எழுதிச் சேர்ப்பார். கலாக்டஸ் கதையின் பக்கங்கள் வந்தபோது, பேச்சில் இடம்பெறாத ஒருவன் அலைச்சறுக்குப் பலகை மீது பறந்துகொண்டிருப்பதை லீ கண்டார். இத்தனை பெரிய ஒருவனுக்கு முன்னோடியாக ஒரு தூதன் வேண்டும் என்று கருதிக் கிர்பி தாமே சேர்த்த பாத்திரம் அது. கலாக்டஸைக் கடவுளாகவும் சர்ஃபரை விண்ணிலிருந்து தள்ளப்பட்ட தேவதூதனாகவும் எண்ணியதாகக் கிர்பி பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஆகவே முதல் மூன்று இதழ்களில் சர்ஃபருக்கு ஊரும் இல்லை, பெயரும் இல்லை, கடந்தகாலமும் இல்லை. 49ஆம் இதழில் ஒரு காட்சி. ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவின் இருப்பிடமான பேக்ஸ்டர் கட்டடத்தின் உச்சியிலிருந்து அடித்து வீழ்த்தப்பட்ட சர்ஃபர், பார்வையற்ற சிற்பி அலிசியா மாஸ்டர்ஸின் வீட்டுக் கூரைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்து கிடக்கிறான். வந்தவன் யாரென்றே தெரியாமல் அவள் அவனைத் தேற்றி உணவு எடுத்து வைக்கிறாள். அவன் உண்ணவில்லை; உணவை அப்படியே ஆற்றலாக மாற்றி உள்வாங்கிக்கொள்கிறான். உண்பது என்றால் என்ன, உபசரிப்பு என்றால் என்ன என்று அறியாத ஓர் உயிர், ஒருத்தியின் பேச்சில் முதன்முறையாக இரக்கத்தை அறிகிறது. அறிந்ததும் எழுந்து சென்று தன் தலைவனையே எதிர்க்கிறது. 50ஆம் இதழில் கலாக்டஸ் பின்வாங்குகிறான். போகும்போது தூதனின் விண்வெளி உலாவைப் பறித்துப் பூமியிலேயே சிறைவைக்கிறான்.

மூன்று இதழ்களின் நாடகமும் இந்த ஒற்றைத் திருப்பத்தில் நிற்கிறது. மனசாட்சி இல்லாத ஒன்றுக்கு மனசாட்சி பிறக்கிறது. அதைப் பிறப்பிப்பவள், அந்த மாபெரும் சண்டையில் ஆற்றல் ஏதுமில்லாத ஒரு பெண்.

3. 1968: கதையின் வலிமை

இரண்டு ஆண்டுகள் கழித்துச் சர்ஃபருக்குத் தனி இதழ் வந்தபோது, வழக்கமான 12 சென்ட் இதழைப் போல் இரு மடங்கு கனத்தில் 25 சென்ட் விலையில் வந்தது. எழுதியவர் லீ. வரைந்தவர் கிர்பி அல்லர், ஜான் பியூசீமா. மை தீட்டியவர் ஜோ சின்னாட். ஏறத்தாழ 40 பக்கம் கொண்ட அக்கதை சர்ஃபருக்கு நாரின் ராட் என்ற பெயரையும், ஸென்-லா என்ற தாய்க்கோளையும், ஷல்லா-பால் என்ற காதலியையும் தந்தது.

ஸென்-லா துன்பமற்ற உலகம். போரும் நோயும் ஒழிந்துவிட்டன. கல்விகூட உழைப்பின்றி மூளையில் ஏற்றப்படுகிறது. விண்வெளிப் பயணத்தை அந்த மக்கள் எப்போதோ கைவிட்டுவிட்டனர், இனித் தேட எதுவும் இல்லை என்று. நாரின் ராட் ஒருவன்தான் இந்த நிறைவில் புழுங்குகிறான். முன்னோர் கடந்த தொலைவுகளை எண்ணி ஏங்குகிறான். நுகர்வு வளத்தின் உச்சியில் இருந்த 1960களின் அமெரிக்காவில், அந்த வளத்தின் மீதே அலுப்புக் கொண்ட கல்லூரி இளைஞர்கள் மார்வெல் இதழ்களை விரும்பி வாசித்துவந்தனர். ஸென்-லாவில் அவர்கள் தங்கள் வீட்டு வரவேற்பறையைக் கண்டிருந்தால் வியப்பில்லை.

கலாக்டஸ் வருகிறான். பழக்கம் விட்டுப்போன அந்தக் கோளின் கடைசி ஆயுதமும் பயன்படாமல் போகிறது. நாரின் ராட் தனியாகக் கலம் ஏறிச் சென்று பேரம் பேசுகிறான்: என் உலகை விட்டுவிடு, உனக்கு வேறு உலகங்களைத் தேடித் தருகிறேன். தேடும் வேலை தன் கையில் இருந்தால் உயிர்களற்ற கோள்களையே காட்டிவிடலாம் என்பது அவன் கணக்கு.

இங்கே கதையின் அமைப்பு செறிவாக இருக்கிறது. விண்வெளியை ஏங்கியவனுக்கு விண்வெளி முழுவதும் கிடைக்கிறது. ஆனால் வீட்டையும் காதலியையும் இழந்தால்தான் கிடைக்கிறது. பின்னர் பூமியில் சிறைப்படும்போது அந்த விண்வெளியும் பறிபோகிறது. ஆசை நிறைவேறுவதே தண்டனையாகும் இந்த முரண்நகையை வேறெந்த விண்வெளி நாயகனின் தொடக்கத்திலும் காண முடியாது. சூப்பர்மேன் இழந்த உலகை அவன் அறியவே இல்லை. நாரின் ராட் இழந்த உலகமோ பத்திரமாக இருக்கிறது, அவன்தான் அங்கே இல்லை. இழப்பின் அளவு பார்த்தால் இரண்டாவதே கொடியது.

பியூசீமாவின் கோடுகளும் இதற்கு ஒத்துழைக்கின்றன. கிர்பி வரைந்த சர்ஃபர் வழவழப்பான உலோகப் பரப்பு; முகத்தில் உணர்ச்சி அரிது. பியூசீமா அதே வெள்ளி உடலுக்குத் தசையும் எலும்பும் தந்தார்: குனிந்த தலை, வானை நோக்கி விரியும் கைகள், வேதனையில் சுருங்கும் நெற்றி. ஒரு கருத்தாக இருந்தவன் ஆளாகிவிடுகிறான்.

4. கணக்கில் வராத மூன்றாம் தரப்பு

கதை உடைவதும் இதே இடத்தில்தான். நாரின் ராட் தொடக்கத்திலேயே பிற உயிர்களுக்காகத் தன்னைத் தருபவன் என்றால், அலிசியா அவனுக்குக் கற்றுக்கொடுக்க என்ன மிஞ்சியது? காதலியோடு வாழ்ந்தவன், உணவு கண்டு திகைப்பது ஏன்? 1966இல் மனசாட்சியின் பிறப்பாக இருந்த காட்சி, 1968க்குப் பின் வெறும் நினைவூட்டலாகச் சுருங்கிவிடுகிறது. தோற்றக் கதை தான் விளக்க வந்த பாத்திரத்தின் மிகச் சிறந்த தருணத்தையே பலவீனப்படுத்துகிறது.

இதற்கு ஒரு மறுப்புச் சொல்லலாம். நெடுங்காலப் பணியில் அவன் மனிதத்தன்மை மெல்ல மரத்துப்போனது. அலிசியா அதை எழுப்பினாள் என்று. ஏற்கத்தக்க விளக்கம்தான். ஆனால் அந்த மரத்துப்போதலைக் காட்டும் பக்கங்கள் 1968 கதையில் எங்கே? உயிர்களற்ற கோள்களைத் தேடுவேன் என்று புறப்பட்டவன், கோடிக்கணக்கானோர் வாழும் பூமியின் மேல் நின்று தலைவனுக்குக் குறி காட்டியது எப்படி? முதல் சமரசம் எந்தக் கோளில் நடந்தது? அங்கே யார் இருந்தார்கள்? கதை பேரத்திலிருந்து நேரே பூமிக்குத் தாவிவிடுகிறது. ஒரு பேரத்தில் காப்பாற்றப்பட்டவர் உண்டு, பேசியவர் உண்டு, விலை கொடுத்தவரும் உண்டு. ஸென்-லாவுக்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கிறது; நாரின் ராடின் துயரத்துக்கு அதைவிட மிகுதியாகக் கிடைக்கிறது. விலை கொடுத்த உலகங்களுக்கு முகமே இல்லை.

விளைவு, தொனியில் தெரிகிறது. கதையில் பூமி மக்கள் சர்ஃபரை அஞ்சித் தாக்குகின்றனர். அவன் மனிதரின் கொடுமையை எண்ணி நெடுநேரம் புலம்புகிறான். கடன்பட்டவன் கடன் கொடுத்தவனைப் போலப் பேசுவது இது. 18 இதழ்களோடு 1970இல் நின்றுபோன அத்தொடர் முழுவதும் இத்தொனியே ஓங்கி ஒலிக்கிறது. குற்ற உணர்வு இருக்க வேண்டிய இடத்தில் தியாகப் பெருமிதம் உட்கார்ந்துகொண்டதே இதற்குக் காரணம்.

5. பின்வந்தோரின் திருத்தங்கள்

இந்தக் குறையைப் பின்வந்த படைப்பாளிகள் உணர்ந்திருந்தனர் என்பதற்கு அவர்களின் திருத்தங்களே சான்று. மூன்றைப் பார்க்கலாம்.

ஜான் பைர்ன் வரைந்து லீ உரையாடல் எழுதிய 1982 தனி இதழில், சர்ஃபர் ஒருவழியாக ஸென்-லாவுக்குத் திரும்புகிறான். கோள் பாழாகிக் கிடக்கிறது. தூதன் பூமியில் தன்னை எதிர்த்ததற்கு ஈடாகக் கலாக்டஸ் அதை உறிஞ்சிவிட்டான். மக்கள் மட்டும் தப்பியிருக்கின்றனர். பேரத்தின் தர்க்கத்தை நேர்மையாகத் தொடர்ந்த கதை இது. ஒப்பந்தத்தை மீறியவனுக்காக, ஒப்பந்தத்தால் பிழைத்தவர்கள் விலை கொடுக்கிறார்கள்.

1990களின் தொடக்கத்தில் வந்த திருத்தம் வேறு வகை: தூதனாக்கியபோதே கலாக்டஸ் அவன் ஆன்மாவில் கைவைத்து மனசாட்சியை மழுக்கிவிட்டான் என்றது. 1966க்கும் 1968க்கும் இடையிலான முரண் இதனால் தீர்ந்தது. பாத்திரத்தின் பொறுப்பும் சேர்ந்தே தீர்ந்தது. தன் செயலுக்குத் தானே காரணமில்லாதவனுக்கு மீட்சியும் தேவைப்படாது. தர்க்கத்தைச் செப்பனிட்டு அவலத்தைத் தொலைத்த திருத்தம் இது.

மூன்றாவது, 2025இல் வெளியான ‘தி ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்’ திரைப்படம். இதில் தூதுப்பணியை ஏற்பவள் ஷல்லா-பால். தன் கோளுக்காகவும் மகளுக்காகவும் ஏற்கிறாள். அவள் மனத்தை மாற்றுவது அறிவுரை அன்று. அழிந்த உலகங்களிலிருந்து வந்த குரல்களின் பதிவுகளை ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவின் ஜானி ஸ்டார்ம் அவள் முன் ஒலிக்கவிடுகிறான். 1968இல் முகமின்றி விடப்பட்ட மூன்றாம் தரப்பு இங்கே பேசுகிறது. படத்தில் அவளுக்குக் கிடைத்த நேரம் குறைவு; ஆயினும் பேரத்தின் மூன்று பக்கங்களும் ஒரே கதைக்குள் சந்திப்பது இதில்தான்.

6. முடிவுரை

தோற்றக் கதையை மதிப்பிட, ஆற்றல் வந்த வழி நம்பும்படி உள்ளதா என்று கேட்டால் போதாது. அந்த ஆற்றலுக்கு யார் விலை கொடுத்தார் என்பதையும் கேட்க வேண்டும். இந்த அளவுகோலில், மீட்பாகவும் கொடையாகவும் அமைந்த கதைகள் எளிதில் தேறிவிடுகின்றன. அவற்றில் கேட்க வேண்டிய கடனே இல்லை. சில்வர் சர்ஃபர் கதை கடினமான தேர்வைத் தானே தேர்ந்தெடுத்துப் பாதியில் எழுந்துவிடுகிறது. தனித்து வாசித்தால் 1968 இதழ் சிறந்த அவலக் கதை. 1966 கதையின் முன்கதையாக வாசித்தால் பிழையான விளக்கம். ஆயினும் குறையற்ற கிரீன் லான்டர்ன் தொடக்கத்தைவிட இந்தக் குறையுள்ள தொடக்கமே அரை நூற்றாண்டுக்கு மேலாக மறுபடி மறுபடி எழுதப்பட்டு வருகிறது. லீயும் பியூசீமாவும் விடையில் தவறினர். கேள்வியை மட்டும் சரியாக வைத்தனர். ஒருவன் தன் மக்களைக் காக்க முன்பின் அறியாதவர்களை விலையாகத் தரலாமா என்ற அந்தக் கேள்வியே சர்ஃபரின் உண்மையான தோற்றம். வெள்ளி உடலும் பலகையும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.