டப்ளியூடி1190எஃப்

இலங்கையின் தென்கரைக்கு அப்பால், ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில், 2015 நவம்பர் 13 அன்று வளிமண்டலத்தில் புகுந்து எரிந்த விண்குப்பை. நிலவைத் தாண்டியும் சென்றுவரும் நீண்ட பாதையில் அலைந்த இதை அமெரிக்காவின் கட்டலினா வான்தேடல் குழு 2013இலும், மீண்டும் 2015 அக்டோபரிலும் கண்டது. விழும் நேரமும் இடமும் பல வாரங்களுக்கு முன்பே கணிக்கப்பட்டதுதான் இதன் பெருஞ்சிறப்பு.

அன்று வெள்ளிக்கிழமை. கிழக்குக் கரையின் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஊர்கள் ஜும்ஆத் தொழுகைக்கு ஆயத்தமான வேளையில், முற்பகல் 11.48க்கு, நொடிக்கு ஏறத்தாழ 11 கி.மீ. வேகத்தில் அது நுழைந்தது. தென்கடலில் மீன்பிடியும் வான்பறப்பும் முன்கூட்டியே கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. ஒன்றிரண்டு மீட்டர் அளவுள்ள பொருள் என்பதால் ஆபத்து மிகக் குறைவே. ஆனால் அதை ஆழ்கடல் மீனவருக்கு அவர் மொழியில், அஞ்சாதபடி விளக்குவது வானியலாளரின் கடமை. கணிப்புக்கு நிகரான பணி அது. மொறட்டுவை ஆதர் சி. கிளார்க் நிறுவகம் போன்றவை இதற்கே தேவைப்படுகின்றன.

கீழே மழைமேகம் மூடியிருக்க, ஐக்கிய அரபு அமீரக உதவியுடன் பறந்த விமானத்திலிருந்து பீட்டர் ஜெனிஸ்கென்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பட்டப்பகலில் அது சிதறுவதைப் படமெடுத்தனர். 1998இல் ஏவப்பட்ட 'லூனார் புரொஸ்பெக்டர்' விண்கலத்தை நிலவை நோக்கி உந்திய பகுதியே இது என்பது பெரும்பாலும் ஏற்கப்பட்ட முடிவு.