ரோடு முந்தியா, குப்பம் முந்தியா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் ஒரு பெரிய ரோடு வந்தால் ஊரைச் சுற்றி பைபாஸ் போட்டுவிடலாம். வெட்டவெளிக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மாநகரம் என்று நடுவில் மாட்டிக்கொண்ட ஊர் என்ன செய்யும்? சென்னை நொச்சிக்குப்பத்தின் கதை அதுதான்.

மெரினா கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே நொச்சிக்குப்பம், நொச்சி நகர், முள்ளிமா நகர் என்று மீனவர் குடியிருப்புகள் வரிசையாக இருக்கின்றன. 1639ல் ஆங்கிலேயர் வந்து மெட்ராஸை உருவாக்கும் முன்பே இந்தக் கரையோரம் மீனவர் வாழ்ந்து வந்தார்கள். வெளியூர்க்காரருக்குத்தான் அது பீச். அவர்களுக்கு அது படகு ஏற்றும் இடம், வலை காயப்போடும் இடம், பெண்கள் மீன் விற்கும் இடம்.

1985ல் மெரினாவை அழகுபடுத்த கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அன்றைய அரசு முயன்றது. மீனவர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

அதன் பிறகு வந்தது லூப் ரோடு. சாந்தோம் நெடுஞ்சாலையில் நெரிசலைக் குறைக்க, பட்டினப்பாக்கம் வரை குப்பங்களை ஒட்டியே கடலோரமாகப் போகும் சாலை. வீடு ஒரு பக்கம், படகு மறுபக்கம் என்று ஆனது. போக்குவரத்து கூடியதும், காலங்காலமாக அங்கே மீன் விற்றவர்கள் 'ஆக்கிரமிப்பாளர்' ஆனார்கள். 2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் சாலையை மறித்துப் போராடினார்கள்.

பொதுச் சாலையை மறித்துக் கடை போடலாமா என்ற கேள்வியும் நியாயம்தான். ஆபீஸ் போகிறவர், ஆம்புலன்ஸ், பஸ் எல்லாம் போக வேண்டுமே! ஆனால் அந்தச் சாலை யாருடைய இடத்தில் வந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இதே கேள்வி நியூயார்க்கிலும் எழுந்தது. ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி லோயர் மன்ஹாட்டனில் புரூம் தெரு வழியாக ஒரு விரைவுச்சாலை போடத் திட்டமிட்டார். சுமார் 2,000 குடும்பங்கள் வெளியேற வேண்டியிருந்தது. எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸும் அப்பகுதி மக்களும் பல வருடம் போராடினார்கள். 1968ல் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஜேக்கப்ஸ் கைதும் ஆனார். 1969ல் திட்டம் கைவிடப்பட்டது. இடிபட இருந்த சோஹோ பகுதியின் வார்ப்பிரும்புக் கட்டடங்கள் 1973ல் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதியாக அறிவிக்கப்பட்டன.

வித்தியாசம் என்ன? நியூயார்க்கில் வாதம் ரோடு போடுவதற்கு முன்னால் நடந்தது. நொச்சிக்குப்பத்தில் ரோடு போட்ட பிறகு நடந்தது. பின்னால் நடக்கும் வாதத்தில் கேள்வியே மாறிவிடுகிறது. 'ரோடு வேண்டுமா' என்று யாரும் கேட்பதில்லை, 'இவர்கள் ஏன் ரோட்டில் இருக்கிறார்கள்' என்றுதான் கேட்கிறார்கள்.

2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. கூரையும் கடையும் கிடைத்தது நல்ல விஷயம். ஆனால் கரைக்கும் வீட்டுக்கும் நடுவே ரோடு அப்படியேதான் இருக்கிறது. படகிலிருந்து மீன் கூடையைத் தூக்கி வருகிறவர் இன்றும் வண்டிகள் ஓயும் வரை காத்து நின்றுதான் தன் தெருவுக்குள் போக வேண்டும்.