பெங்களூருவில் ராமென்: பொட்டலம் முந்தி, கிண்ணம் பிந்தி

பெங்களூருவில் பத்துப் பன்னிரண்டு பேர் மட்டுமே அமரக்கூடிய சிறிய ராமென் கடைகள் சில ஆண்டுகளாகத் தோன்றிவருகின்றன. அங்கு உண்டு திரும்புவோர் எழுதும் குறிப்புகளில் ஒரு கேள்வி தவறாமல் இடம்பெறுகிறது: ‘இது அசலான ஜப்பானியச் சுவைதானா?’ இக்கேள்விக்கு விடை சொல்வதைக் காட்டிலும், இக்கேள்வி எதை மறைக்கிறது என்று பார்ப்பதே பயனுள்ளது என்பது என் எண்ணம். ஜப்பானிலேயே ராமென் நெடுங்காலம் அயலார் உணவாகத்தான் இருந்தது.

1859இல் யோகோஹாமா துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. அங்கே குடியேறிய சீனர்களுடன் கோதுமை நூடுல்ஸும் இறைச்சிச் சாறும் வந்தன. ஜப்பானியர் அவ்வுணவை ‘ஷினா சோபா’, அதாவது சீனத்து நூடுல்ஸ், என்றே அழைத்தனர். 1910இல் டோக்கியோவின் அசாகுசா பகுதியில், சுங்கத்துறையில் பணியாற்றிய ஓசாகி கன்இச்சி என்பவர் ‘ராய்ராய்கென்’ என்னும் கடையைத் தொடங்கினார். யோகோஹாமாவின் சீனர் குடியிருப்பிலிருந்து சமையற்காரர்களை அழைத்துவந்து, சோயாச் சாறு சேர்த்து உள்ளூர் நாவுக்கேற்ப அவ்வுணவை விற்றார். மலிவு, விரைவு, வயிறு நிறைதல் ஆகிய மூன்றும் அதன் குணங்கள்.

நூடுல்ஸின் மஞ்சள் நிறத்துக்கும் இழுபடும் தன்மைக்கும் ‘கான்சுய்’ என்னும் காரநீர் காரணம். சோடியம், பொட்டாசியம் கார்பனேட்டுகள் கலந்த நீர் அது. நம் வீடுகளில் அப்பளக்காரம் செய்யும் வேலையும் ஏறத்தாழ இதுதான். உளுந்து மாவுக்கு ஒன்று, கோதுமை மாவுக்கு மற்றொன்று, வேதியியல் ஒன்றே.

இனி போருக்கு வருவோம். ராமெனின் வரலாற்றில் திருப்புமுனை அங்கேதான் இருக்கிறது. 1945இல் ஜப்பான் தோற்றபோது கொரியாவும் தைவானும் அதன் கையை விட்டுப் போயின. அவ்விரு நாடுகளிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசியும் உடன் நின்றது. அவ்வாண்டு விளைச்சலும் பொய்த்தது. அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் கோதுமையை இறக்குமதி செய்தது. சீனாவிலிருந்து திரும்பிய படைவீரர்களும் குடியேறிகளும் கள்ளச்சந்தை ஓரங்களில் தள்ளுவண்டி வைத்து அந்த மாவில் நூடுல்ஸ் விற்றனர். ஜார்ஜ் சோல்ட் 2014இல் வெளியிட்ட ராமென் வரலாற்று நூல் இந்தக் கோதுமை அரசியலை விரிவாக ஆராய்கிறது. இன்று நாம் ‘ஜப்பானியம்’ என்று கொண்டாடும் உணவு, சீன உழைப்பும் அமெரிக்கக் கோதுமையும் பசியும் கூடி உருவாக்கியது.

பெங்களூருக்காரர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அதே போர் இந்நகரின் தட்டிலும் ஓர் உணவை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து இந்தியாவுக்கு வந்த அரிசி நின்றுபோனது. பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்த தென்னிந்தியாவில் கடும் தட்டுப்பாடு தலைதூக்கியது. 1924இல் மையா சகோதரர்கள் தொடங்கிய எம்.டி.ஆர். உணவகம், அரிசி கிடைக்காத அந்தப் போர்க்காலத்தில் ரவையைக் கொண்டு இட்லி செய்து பார்த்ததாகவும், ரவா இட்லி அவ்வாறே பிறந்ததாகவும் அந்நிறுவனமே கூறிவருகிறது. அரிசி இல்லை, கோதுமை இருக்கிறது. சமையற்காரன் கை வேறு வழி தேடுகிறது. டோக்கியோவின் தள்ளுவண்டியிலும் லால்பாக் சாலையிலும் நடந்தது இதுவே. ராமெனும் ரவா இட்லியும் ஒரே போர் வளர்த்த பிள்ளைகள் என்று சொன்னால் அது மிகையாகாது. ஆயினும் ரவா இட்லியை உண்பவர் எவரும் ‘இது அசலா?’ என்று கேட்டதாக நான் அறியேன்.

‘ராமென்’ என்ற பெயரின் கதை இன்னும் சுவையானது. போருக்குப் பின் ‘ஷினா’ என்ற சொல் இழிவுக்குறிப்புடையதாகக் கருதப்பட்டு, ‘சூகா சோபா’ என்ற பெயர் வழக்குக்கு வந்தது. சீனச் சொல்லிலிருந்து வந்த ‘ராமென்’ என்பதை நாடெங்கும் பரப்பியது கடையன்று, பொட்டலம். தைவானில் 1910இல் பிறந்த மொமொஃபுகு ஆண்டோ, 1958 ஆகஸ்டில் ‘சிக்கின் ராமென்’ என்ற உடனடி நூடுல்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் விலை 35 யென். கடைகளில் கிடைத்த சாதாரண நூடுல்ஸைவிட அது பன்மடங்கு அதிகம். மலிவின் அடையாளமாக இன்று நாம் காணும் பொட்டலம், பிறந்தபோது ஆடம்பரப் பொருள்.

பெங்களூருவிலும் பொட்டலமே முந்தியது. ஆண்டோவின் நிசின் நிறுவனம் 1988இல் இந்தோ நிசினைத் தொடங்கியது. நகரின் தெற்கே, ஆனேக்கல் வட்டத்து ஜிகணியில் அதன் ஆலை அமைந்தது. 1991இல் ‘டாப் ராமென்’ சந்தைக்கு வந்தது. நம்மில் பலர் அதை ‘டாப் ராமன்’ என்றே படித்தோம். இராமபிரானுக்கும் நூடுல்ஸுக்கும் என்ன தொடர்பு என்று வியந்த பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். ஆக, ராமென் என்ற சொல் இந்நகரின் மளிகைக்கடைகளில் முப்பது ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கிண்ணம்தான் பின்னால் வந்தது.

ஜப்பானியர் மூலமாகவே அது வந்திருக்கலாமே என்று கேட்கலாம். அவர்கள் இந்நகருக்குப் புதியவர்கள் அல்லர். 1896இல் ஜாம்ஷெட்ஜி டாடா ஜப்பானிய முறையில் பட்டுப்பண்ணை அமைத்து, அங்கிருந்து வல்லுநர்களையும் வரவழைத்தார். பசவனகுடியை அடுத்த ‘டாடா சில்க் ஃபார்ம்’ என்ற இடப்பெயர் அதன் எச்சம். 1961இல் எச்.எம்.டி. சிட்டிசன் நிறுவனத்துடன் கூட்டுசேர்ந்து கைக்கடிகாரம் செய்தது. 1997இல் டொயோட்டா கிர்லோஸ்கர் பிடதியில் கால்பதித்தது. பட்டும் கடிகாரமும் காரும் வந்தன. ராமெனைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களோ பெரும்பாலும் உள்ளூர்ச் சமையற்கலைஞர்கள். கவன் குட்டப்பா 2022இல் சாந்திநகரில் தொடங்கிய ‘நாரு நூடுல் பார்’ இதற்குப் பெயர்பெற்ற சான்று. மிகச் சில இருக்கைகளுடன் தொடங்கிய அக்கடையின் முன்பதிவு, திறந்த சில நிமிடங்களில் நிறைந்துவிடும் என்று நாளேடுகள் எழுதின.

இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. டோக்கியோவில் ராமென் என்பது கூலித்தொழிலாளியும் அலுவலக ஊழியரும் வழியில் நுழைந்து, இயந்திரத்தில் சீட்டு வாங்கி, சூடு ஆறுமுன் உறிஞ்சிக் குடித்து, கால்மணி நேரத்தில் எழுந்து போகும் உணவு. பெங்களூருவில் அது முன்பதிவும் நிழற்படமும் கூடிய மாலைப்பொழுது. ஒரு கிண்ணத்தின் விலையில் ஒரு குடும்பமே தர்ஷினியில் சிற்றுண்டி உண்ணலாம். ராமென் கடைக்கு இந்நகரில் உண்மையான உறவு வேண்டுமெனில் அது தர்ஷினிதான். 1980களில் ஜெயநகரில் தொடங்கிய அம்முறையில் சீட்டு வாங்குவதும், நின்று உண்பதும், விரைந்து விலகுவதும் அப்படியே உள்ளன. சுவையின் அசல் பற்றிக் கவலைப்படுவோர் இந்தத் தலைகீழ் மாற்றத்தைக் கவனிப்பதில்லை.

எங்கள் பகுதியில் உள்ள ஒரு சிறு கடைக்கு நான் சிலமுறை சென்றிருக்கிறேன். சாறு நன்று, முட்டையின் மஞ்சள்கரு பாதி உறைந்து, சோயாவின் நிறமேறி, கச்சிதமாக இருந்தது. அருகிலிருந்த இளைஞர் கிண்ணத்தை நான்கு கோணங்களில் படமெடுத்து முடிப்பதற்குள் அவருடைய நூடுல்ஸ் ஊறித் தளர்ந்துவிட்டது. பிறகு அவரும் அந்தக் கேள்வியைக் கேட்டார், அசலா என்று. மேசைக்கு அப்பால் நூடுல்ஸை வேகவைத்துக்கொண்டிருந்த இருவரும் வடகிழக்கிலிருந்து வந்தவர்கள். இந்நகரின் நூடுல்ஸ் அடுக்களைகள் பலவும் அவர்களையும் நேபாளத்திலிருந்து வந்தவர்களையும் நம்பியே இயங்குகின்றன. ஒருவர் சிரித்துவிட்டு, ‘சூடாகச் சாப்பிடுங்கள் சார்’ என்று மட்டும் சொன்னார்.

ராய்ராய்கென் 1976இல் மூடப்பட்டது. யோகோஹாமாவில் 1994இல் ராமெனுக்கென்று ஓர் அருங்காட்சியகமே திறக்கப்பட்டது. அந்தப் பழைய கடையின் சுவையைப் பின்னர் அங்கே மீட்டுருவாக்கினார்கள். நிறுவியவரின் பெயர் எங்கும் சொல்லப்படுகிறது. 1910இல் அங்கே மாவு பிசைந்தவர்களை அக்கதை ‘12 சீனச் சமையற்காரர்கள்’ என்று எண்ணிக்கையாலேயே குறிப்பிட்டு நகர்கிறது.