இடத்திலிருந்து பிரிகுறிக்கு: கட்டளைவரிக் கருவிகளும் தமிழ்ப் பனுவலும்

1928ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் அறிமுகப்படுத்திய துளையட்டையில் 80 நெடுவரிசைகள் இருந்தன. அதில் ஒரு தரவை இனங்காட்டியது அது அமைந்த இடமே ஆகும். பெல் ஆய்வகத்தின் யுனிக்ஸ் இயங்குதளம் இதற்கு மாற்றுவழி தந்தது. 1973இல் அதன் நான்காம் பதிப்பில் இடம்பெற்ற கென் தாம்சனின் ‘கிரெப்’, வேண்டிய சொல்வடிவம் வரும் வரிகளை மட்டும் தெரிந்தெடுத்தது. 1977இல் ஏஹோ, வெயின்பெர்கர், கெர்னிகன் ஆகிய மூவர் உருவாக்கிய ‘ஆக்’, ஒவ்வொரு வரியையும் இடைவெளியோ வேறு பிரிகுறியோ கொண்டு புலங்களாகப் பகுத்தது.

இம்மாற்றம் பின்னாளில் தமிழுக்கும் பயன்பட்டது. 1992இல் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ் ஒருங்குறிக் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் கொள்ளும். ‘கி’ என்னும் உயிர்மெய், மெய்யுருவும் உயிர்க்குறியுமாக 6 பைட்டுகள் பெறும். எனவே பைட்டுகளை எண்ணி வெட்டினால் எழுத்துச் சிதையக்கூடும். ஆனால் காற்புள்ளி முதலிய ஆஸ்கி குறிகளுக்குரிய பைட்டுகள் தமிழெழுத்தின் உள்ளே ஒருபோதும் வருவதில்லை. ஆதலின் பிரிகுறிவழிப் பகுப்பில் எழுத்துக் குலைவதில்லை. சொல்லடைவு, தொடரடைவு தொகுப்போர் தம் தரவுகளை இடத்தால் அன்றிப் பிரிகுறியால் வரையறுத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்துவதாகும்.